துடுப்பைப் பிடிக்கும் முன்

ரிஷிகேஷில் கங்கையின் சீற்றத்தில் ரப்பர் படகில் துடுப்புப் போடுகிறவருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து கட்டளைகள் தெரிந்தால் போதும்: ஃபார்வர்டு, பேக், ஸ்டாப், கெட் டவுன். காது கேட்டதைக் கை உடனே செய்ய வேண்டும், அவ்வளவுதான். இலக்கணத்துக்குக் கரையில்தான் வேலை. ஆஸ்துமா முன்பு இருந்ததா, இப்போதும் இருக்கிறதா என்பதை வழிகாட்டியிடம் வினைக்காலம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மழை வந்து பயணம் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கவும் தெரிய வேண்டும். நாமோ ஆங்கிலம் பேசத்தான் பயில்கிறோம், காது கொடுத்துக் கேட்கப் பயில்வதில்லை. பாதுகாப்பு விளக்கம் புரியவில்லையா? சும்மா தலையாட்டாதீர்கள். கூச்சப்படாமல், படகில் ஏறும் முன்பே, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.