தட்டிக்குப் பின்னால் உருளும் பகடை

பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-இல் தம் சேனைக்கு அளித்த போர் விளையாட்டில், வரைபடத்தின்மீது காய்களை நகர்த்திய இரு தரப்பாருக்கும் இடையே ஒரு நடுவர் வீற்றிருந்து, பகடையையும் அட்டவணையையும் பார்த்தே மாண்டவர் கணக்கைத் தீர்ப்பளித்தார். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதியோ, விதிகளின் பாரம் பொறுக்காமல், அனுபவம் வாய்ந்த நடுவரின் சித்தமே போதுமென்று அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். உலகை நடத்துவது கர்ம நியதியா, ஈசுவர சங்கற்பமா என்று நம் சித்தாந்திகள் நெடுங்காலம் வாதாடிய வழக்கு, இப்படி ஒரு மேஜைமீதும் வந்து அமர்ந்தது வேடிக்கைதான்.

கைகாக்ஸும் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதாபாத்திர ஆட்டத்தில், அந்த நடுவர் சிருஷ்டிகர்த்தாவாகவே உயர்ந்துவிட்டார்.

ஆண்டுக்கணக்கில் இத்தகைய தொடராட்டம் ஒன்றை நடத்திவரும் நான், ஒரு ராத்திரி, நடுவரின் பகடையை மறைக்கும் அட்டைத் தட்டிக்குப் பின்னால், எதிரியின் அடிக்காக உருட்டிய இருபது முகப் பகடை, வீரனைச் சாய்க்கும் இருபதையே காட்டி நின்றபோது, எதிரே தாம் வளர்த்த அவ்வீரனின் குறிப்புத் தாளை விரல்களால் நீவிக்கொண்டிருந்த நண்பரின் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல், “பதினொன்று, அடி தவறியது” என்று சொல்லிவிட்டேன். அவர் மகிழ்ந்தார், எனக்குத் தேநீர் கசந்தது. கருணை என்று அதற்குப் பெயரிடலாம். ஆயினும், மரணமே இல்லையென்று ஊர்ஜிதமான பிறகு வீரம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? விதியை மாற்றவல்ல ஈசுவரன் மாற்றாதிருப்பதைக் கல்நெஞ்சென்று நிந்தித்தவன் நான். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல நா எழவில்லை. அடுத்த வாரம் தட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டு, எல்லோரும் காணப் பகடையை உருட்டினேன், வந்தது பத்தொன்பது.