எயிற்பட்டினத்துக்கு வழி



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் உப்புதான். சாலையோரம் வெள்ளை வெள்ளையாய்க் குவித்திருப்பார்கள். பலர் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த உப்பளக் கரை வழியாகச் சங்க காலத்தில் ஒரு பாணன் தன் குடும்பத்தோடு நடந்து போனான். போகச் சொன்னவன் இன்னொரு பாணன். அந்தப் பேச்சுதான் பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படை.

பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன். பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன் ஒருவன், பசியோடு எதிரே வருகிற பாணனைப் பார்க்கிறான். நில், நான் போன இடத்துக்கு நீயும் போ என்று சொல்லத் தொடங்குகிறான். மொத்தம் 269 அடி. அவ்வளவும் ஒருவன் இன்னொருவனுக்கு வழி சொல்வது.

இந்த வாரம் இந்தப் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, புத்தகம் படிக்கிற நாம் இரண்டு பேர் சந்தித்தால் பேசிக்கொள்கிற பேச்சு இதுதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. "இப்போ என்ன படிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்க, "இதைப் படிச்சேன், நீங்களும் படிச்சுப் பாருங்க" என்று மற்றவர் சொல்கிறாரே, அந்தப் பேச்சு.

ஆனால் அந்தப் பாணன் சொல்கிற அளவுக்கு நாம் சொல்கிறோமா? 'அருமையான நாவல், கட்டாயம் படிங்க' என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அவனோ வழி முழுவதையும் சொல்கிறான். முதலில் கடலோரத்து எயிற்பட்டினம் வரும். அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பரதவர் வீட்டில் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்தது வேலூர். உப்புவேலூர் என்று இன்று நாம் சொல்லும் ஊர் அதுதான் என்கிறார்கள். அங்கே வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த புளிச்சோறு, சூடாக, சுட்ட இறைச்சியோடு கிடைக்கும். பிறகு ஆமூர். அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். அதையும் தாண்டினால் கிடங்கில், நம் திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அரசனின் வாயில் அங்கே திறந்திருக்கும்.

கேட்கிறவனுக்கு எந்த இடத்தில் பசிக்கும், எந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறவனுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவன் அந்த வழியில் நடந்தவன். ஒரு பெரிய நாவலை நண்பரிடம் கொடுக்கும்போது நாமும் இப்படிச் சொல்லலாம். முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும், பெயர்கள் குழம்பும், விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு கிழவி வருவாள், அந்த இடத்திலிருந்து கதை உங்களைப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் சொல்லிக் கொடுத்த புத்தகம் பாதியில் திரும்பி வருவது குறைவு.

இன்னொன்றையும் அந்தப் பாணன் செய்கிறான். அதுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. பரிசு பெறுவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறான். இடிந்த அடுக்களை. அங்கே குட்டி போட்ட நாய், பால் கொடுக்க முடியாமல் குரைக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அயலார் கண்ணில் படாதபடி கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். உப்பு விளையும் கரை வழியாகப் போகிற பாட்டுக்குள் உப்பில்லாத கீரை. நத்தத்தனார் இதை நினைத்தே வைத்தாரா என்று சொல்ல முடியாது. மரக்காணத்து உப்பை ஒருமுறை பார்த்தவர்களால் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடக்க முடியாது.

ஒரு புத்தகம் நமக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டுமானால், அது வரும்போது நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா இறந்த மாதத்தில் படித்தேன், வேலை போன சமயத்தில் படித்தேன், மகள் கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று இருந்தபோது படித்தேன் என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் அந்த நூலைத் தேடிப் போவார். இப்போதெல்லாம் படிக்க வேண்டிய நூறு நூல்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். அவையும் பயன்தான். ஆனால் பட்டியலுக்கு எதிரே யாரும் நிற்பதில்லை, யாருடைய பசியும் அதற்குத் தெரியாது.

நம் பாணன் நடுநிலை பார்க்கிறவனும் இல்லை. சேரனின் வஞ்சி, பாண்டியனின் மதுரை, சோழனின் உறந்தை மூன்றும் நல்லியக்கோடனின் கொடைக்கு முன்னால் வறியவை என்று துணிந்து சொல்லிவிடுகிறான். மூவேந்தர் எங்கே, திண்டிவனத்துப் பக்கம் ஆண்ட ஒரு சிற்றரசன் எங்கே! இருந்தாலும் தனக்குக் கொடுத்தவனை அவன் உயர்த்துகிறான். வாசகருக்கும் இந்த உரிமை உண்டு. ஊரெல்லாம் கொண்டாடும் பெரிய நூலை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் பேசாத ஒரு சின்ன நூலைக் காட்டி, எனக்கு இதுதான் என்று சொல்லலாம். பல நல்ல நூல்கள் இப்படிப்பட்ட ஒருவரின் பிடிவாதத்தால்தான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பாட்டு நம் கைக்கு வந்ததற்கே அப்படி ஒரு சந்திப்பு காரணம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியாருக்கு அதில் நிறைவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை பார்த்ததுண்டா என்று கேட்டார். கேட்டதோடு விடாமல், சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்துப் படிக்கச் செய்தார். 1887-இல் சிந்தாமணி அச்சானது. இரண்டே ஆண்டில், 1889-இல், பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையோடு வந்தது. எயிற்பட்டினமும் உப்பில்லாக் கீரையும் ஏட்டுச்சுவடியிலிருந்து இறங்கி நம்மிடம் வந்து சேர்ந்த வழி அது.

கேட்பதும் சொல்வதும் மட்டும் போதாது, புத்தகம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இன்று நம் ஊர்களில் கிளை நூலகம் இருக்கிறது, பல இடங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. வண்டி வர வேண்டியதில்லை, நாம் போனால் போதும்.

வழி சொல்வதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நான் சொல்லாமல் போகக் கூடாது. உப்பளத்தைச் சாலையிலிருந்து மட்டும் பார்த்திருந்த காலத்தில் நான் படித்தது சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்'. வேதாரண்யம் பக்கத்துக் கதை. கணவன் கடல் கடந்து போய்விட, பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் பஞ்சத்தையும் புயலையும் தாண்டுகிறாள். வேகமாகப் படிக்கிற நாவல் இல்லை. காட்டுக்கீரை, கிழங்கு, காய் என்று அவர்கள் எதை எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக வரும். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள், நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சங்கப்பாட்டின் அந்த அடுக்களையும் அப்போது நினைவுக்கு வரும். அதை முடித்தவர்கள் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' பக்கம் போகலாம். அது தூத்துக்குடி. அவர் அந்த மக்களிடம் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியவர். கூலி, கணக்கு, கங்காணி, கொதிக்கிற வெயிலில் உப்பு வாருகிற பெண்களின் கால், கண் எல்லாம் அதில் இருக்கும். கொஞ்சம் கோபத்தோடு படிக்க வேண்டிவரும்.

மரக்காணத்தில் அளத்து வேலை பார்க்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டையும் வேறு மாதிரி சொல்வேன். உங்களுக்குப் பாத்தி தெரியும், வாருபலகை தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உங்களைப் போன்றவர்கள் என்ன பெயர் வைத்து என்ன பாட்டுப் பாடி எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். எங்கே தப்பாக எழுதியிருக்கிறது, எங்கே சரியாக எழுதியிருக்கிறது என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை இல்லை. அந்த மாதங்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

கழுவேலியும் எடையன்திட்டும் பக்கிங்காம் கால்வாயும் உப்பளமும் சேர்ந்த இந்தக் கரையைப் பற்றி உங்களில் யாராவது கதையோ கட்டுரையோ படித்திருந்தால், அல்லது நோட்டில் எழுதி வைத்திருந்தால், வானொலி நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எந்த ஊரில், யார் கையில் அது கிடைக்கும் என்றும் எழுதுங்கள். நான் தேடி வருகிறேன்.