சத்தம் போடாத குடித்தனக்காரர்

"நாய், பூனை ஏதாச்சும் இருக்கா தம்பி?"

வீடு பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி வரும். சைவமா அசைவமா, எத்தனை பேர், விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா என்கிற வரிசையில் கடைசியாக. மூன்று வருஷத்துக்கு முன் மடிப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனுக்காக ஹவுஸ் ஓனர் அம்மா கேட்டபோது, "இல்லீங்கம்மா" என்றேன். பொய்யில்லை. முயலைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே!

மகள் ஒரு ஜீவன் வேண்டும் என்று அழுததில் வந்த முயல் அது. நாய் குரைக்கும், கிளி கத்தும். முயல்? "வீட்ல இருக்கிறதே தெரியாது சார்" என்றார் கடைக்காரர். கம்பிக் கூண்டும் ஒரு கிலோ கேரட்டும் வாங்கிக்கொண்டு, புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்ட நினைப்பில் வந்தேன்.

கால்நடை மருத்துவர்தான் அந்த நினைப்பைக் கலைத்தார். கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். முக்கியமான சாப்பாடு புல்தான். பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று தேய்க்காவிட்டால் வாயையே குத்தும். நாய், பூனைக்கு இருப்பதுபோலப் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பித் தரையிலேயே நின்றால் புண்ணாகும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். அப்புறம் சொன்னார்: "இது மத்த மிருகங்களுக்கு இரையா இருந்த ஜாதி சார். வலிச்சா வெளியே காட்டிக்காது. காட்டினா நரி தூக்கிட்டுப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. எந்த மௌனத்துக்காக அதை வாங்கினேனோ, அது பயத்தின் மௌனம். புகார் சொல்லாது என்பதற்காகவே ஒரு உயிரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வீட்டு ஓனர்களும் எங்களை அப்படித்தானே தேர்ந்தெடுக்கிறார்கள்? சுவரில் ஆணி அடிக்காதே, ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர் மோட்டார் போடாதே என்று அவர்கள் சொன்னால் எனக்கு எரிச்சல். நான் முயலுக்குப் போட்ட சட்டமோ தோண்டாதே, கடிக்காதே, ஓடாதே. தோண்டாமல், கடிக்காமல், ஓடாமல் முயலிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

கூண்டுக் கதவைத் திறந்துவிட்டோம். ஒயர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் குழாய் மாட்டினேன். மொசைக் தரையில் கால் வழுக்கியது. கோணிச் சாக்கை விரித்தோம். கடித்துக் குதற அட்டைப் பெட்டி, தினமும் ஒரு கட்டு அருகம்புல். முயலுக்கு வெயில் ஆகாது என்பதால், மே மாதத்தில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்போம்; அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று அந்தரத்தில் எகிறி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி இறங்கியது. சந்தோஷம் வந்தால் முயல் அப்படித்தான் குதிக்குமாம். அதைப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

பயந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். தீபாவளி ராத்திரி தட்டிய தட்டில் கீழ் வீட்டு அம்மா மேலே வந்துவிட்டார். "என்ன தம்பி, இந்நேரத்துல உரல் இடிக்கிறீங்களா?" கட்டிலுக்கடியில் இருந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

பி.காம். படித்த புத்தி கணக்குப் போட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு முதல் பத்து வருஷம் வாழும். நம் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். (ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம், அதற்குப் பயந்து வந்த பழக்கம் இது.) ஆக, ஒரு முயலின் ஆயுசு ஒன்பது, பத்து அக்ரிமென்ட். ஜெர்மனியில் எந்தப் பிராணியும் கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடும் வாடகை ஷரத்து செல்லாது என்று 1993-லேயே உயர்மட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே ஓனர் மனசுதான் சட்டம்.

"அப்போ வாடகைக்கு இருக்கிறவன் பிள்ளை பெத்துக்கக் கூடாதா?" என்று நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். குழந்தை கூடாது என்கிற வீட்டை நாம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். முயல் கூடாது என்றால்? வாடகை நமக்குத் தோதாக இருந்தால், பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்தால், 'யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடலாமே' என்று அன்றைக்கே பேச்சு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் வந்தது. பேச்சை ஆரம்பித்தவன் நான்தான். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முயல் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கீழ் வீட்டு அம்மாவின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருவதால் தையில் நாங்கள் காலி செய்ய வேண்டும். இப்போது வீடு பார்க்கப் போனால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: "நாலு பேருங்க. மூணு மனுஷங்க, ஒரு முயல்." இரண்டு வீடு கைவிட்டுப் போனது. அதில் ஒன்று நல்ல காற்றோட்டம், கிழக்குப் பார்த்த வாசல். ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். வாடகை ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி. தரை என்ன தரை என்று போனிலேயே கேட்டு வைத்திருக்கிறாள் மகள்.