பகீரதனுக்கு முன்னிருந்தவர்கள்

கல்பாக்கத்தில் குடியிருக்கும் எனக்கு, வெளியூரிலிருந்து யார் வந்தாலும் வடக்கே மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போய் அந்தப் பெரும்பாறையின் முன் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. விலா எலும்புகள் தெரிய, ஒற்றைக் காலில், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் தபஸ்வியை அர்ஜுனன் என்பார் சிலர், பகீரதன் என்பார் சிலர். நடுவிலுள்ள பிளவில் நாகங்கள் நீந்துவதைப் பார்த்தால் கங்கை இறங்குவதாகவே தோன்றுவதால், பகீரதன் என்பதே என் துணிபு. அந்தப் பாறைக்கு எதிரே நிற்கும்போதெல்லாம், அதில் இடம் பெறாத இருவர் என் நினைவுக்கு வருவார்கள். ஸகர புத்திரர்கள் 60,000 பேரும் சாம்பலான பின்பு, கங்கையைக் கொணர்ந்து அவர்களைக் கரையேற்றத் தவம் இருந்தவன் பகீரதனின் பாட்டன் அம்சுமான். அவன் காலத்தில் கங்கை வரவில்லை. அவன் மகன் திலீபனோ, வழி புலப்படாத கவலையிலேயே மாண்டான். அவ்விருவரும் பட்ட பாடு வீண்தானா?

இந்தக் கேள்வியை எனக்கு மறுபடியும் எழுப்பியவர் மேட்டூர் கே. பத்மராஜன். டயர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவர் 1988-இல் மேட்டூர் சட்டசபை ஸ்தானத்துக்கு முதன்முதலாக நின்றார். அதுமுதல் வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி ஆகியோரையும் எதிர்த்து மனுச் செய்து, இருநூறுக்கு மேற்பட்ட தேர்தல்களில் தோற்றிருக்கிறார். 2011-இல் மேட்டூரிலேயே அவருக்கு 6,273 வாக்குகள் கிடைத்தன. அவர் அடைந்த உச்சம் அது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருடைய டெபாசிட் பறிபோகும்; சட்டசபைக்கு இன்று அது 10,000 ரூபாய், லோக்சபைக்கு 25,000. டயர்க் கடையில் சம்பாதித்த பணம் அப்படித்தான் போயிருக்கிறது. மற்ற அபேட்சகர்கள் வெற்றியை நாடுகிறார்கள், தாம் அதை நாடவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எளியவனும் நிற்கலாம் என்று காட்டுவதே அவருடைய சங்கல்பம்.

இதுவல்லவோ கீதை சொல்லும், பலன் கருதாத நிஷ்காம்ய கர்மம் என்று நண்பரொருவர் என்னிடம் வியந்தார். பத்மராஜனிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நண்பரோடு உடன்பட முடியவில்லை. எளியவனும் நிற்கலாம் என்று காட்டுவதுதான் அவர் வேண்டிய பலன் என்றால், தேர்தல் அதிகாரி மனுவை ஏற்றுக்கொண்ட கணமே அது கைகூடிவிடுகிறது. எண்ணிக்கை நாள் அவரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. கீதை சொல்லப்பட்டதோ, வெற்றியும் தோல்வியும் உயிர்போகும் விஷயமாயிருந்த ஒருவனுக்கு. காந்தியடிகளும் 1930-இல் வெளியான தம் 'அனாஸக்தி யோக'த்தில், பலத்தியாகம் என்பது பலனைப் பற்றிய அசட்டை அல்ல என்று விளக்கப் புகுந்தார். வேண்டாததைத் துறப்பதில் தியாகம் ஏது?

ஆகவே என் மனம் வேறொரு அபேட்சகரிடம் போகிறது. தம் ஊர் ஏரியைத் தூர்வார வேண்டும், கடலரிப்பில் வீடுகளை இழக்கும் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போட வேண்டும், அதற்குச் சட்டசபைக்குப் போயே தீரவேண்டும் என்று மெய்யாகவே ஆசைப்பட்டு, மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்ற ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குத்தான் கீதை வேண்டியிருக்கிறது. ஒரு காரியம் முடிவதற்கு இடம், கர்த்தா, கருவி, முயற்சி, தெய்வம் என்று ஐந்து காரணங்களை அதன் பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது. ஆசைப்பட்ட மனிதனுக்கு அவற்றில் முழுதும் வசப்படுவது அநேகமாக முயற்சி ஒன்றே. கர்மத்தில் உரிமை உண்டு, பலனில் இல்லை என்ற உபதேசம் வாக்குச் சாவடியில் கண்கூடாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மேஜைமேல் ஓர் அட்டை மறைப்பு. அதற்குப் பின்னே குனியும் கிழவியின் விரல் எந்தப் பொத்தானைத் தொடுகிறது என்று கேட்க, வீடு வீடாகப் போய்க் கும்பிட்டவருக்கும் பாத்தியதை கிடையாது.

தோற்ற அன்றிரவு, "காசு வாங்கிக்கிட்டுக் குத்திட்டாங்க" என்று சொல்லாத முகாம் அரிது. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சொல் மனத்தில் தங்கி ஜனங்கள்மேல் வெறுப்பாகத் திரளும்போது, தமக்கில்லாத உரிமையை அவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஏரிக்காக நின்றவர், அந்த ஏரிநீரைக் குடிக்க வேண்டியவர்களையே பகைக்கிறார். துக்கம் வேறு. திலீபனுடைய துக்கத்தைப் பற்று என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. கங்கை வரவேண்டும் என்று அவன் உண்மையாக விரும்பியதற்கு அந்தத் துக்கமே சாட்சி. பற்றற்றவன் அழமாட்டான் என்று யாரோ நமக்குத் தவறாகக் கற்பித்திருக்கிறார்கள். அவன் அழுவான், அழுத பின்பு, வாக்களிக்காத தெருவிலும் பழைய முகத்தோடு நடப்பான். 1962-இல் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை தோற்றதும், 1967-இல் முதலமைச்சரானதும் எல்லோரும் அறிந்த சரித்திரம். வென்றபடியால் அந்தத் தோல்வியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வெல்லாமலே போனவர்களுடைய நடை எந்தப் பாறையிலும் ஏறவில்லை.

பெரும்பாறையைக் காட்டிய பின்பு, விருந்தினரை மாமல்லபுரத்துக்கு மேற்கேயுள்ள பிடாரி ரதங்களுக்கும் அழைத்துச் செல்கிறேன். பேருந்தில் வருவோர் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. மேற்பகுதி சிற்பமாயிருக்க, கீழ்ப்பகுதி கரட்டுப் பாறையாகவே நின்றுவிட்டது. இந்த ஊரில் முடியாமல் நின்ற பாறைகளில், கல்லைச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, இடையில் நிற்கும் கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்த முறையை இன்றும் காணலாம். அப்படி ஒரு சதுரத்தில் நாலு பக்கமும் பள்ளம் ஆழமாக வெட்டியிருக்கிறது; கட்டி மட்டும் உடைபடாமல் இருக்கிறது. உளியின் தடம் நேராக, சீராக, அவசரமே இல்லாமல் இறங்கியிருக்கிறது.