வடத்தில் இரண்டு விரல்

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இரண்டே இரண்டு. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ஒரு மஞ்சள் பையின் காது மாட்டியிருந்தது. இன்னொரு கை ஒரு சின்னப் பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுன் ரத வீதியில் எனக்கு முன்னால் வடத்தோரம் நின்ற அந்த அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு விரல்கள்தான். அவற்றை வடத்தின் மேல் வைத்திருந்தார். பிடிக்கவில்லை, வைத்திருந்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

நெல்லையப்பர் தேர் 450 டன் என்று வருஷந்தோறும் செய்தித்தாளில் போடுகிறார்கள். இயந்திரம் கிடையாது, ஆட்கள் இழுத்துத்தான் நகர வேண்டும். பின்சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புவார்கள். முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் வடத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். தேர் குலுங்கி, அலங்காரத் துணியெல்லாம் ஒருமுறை சிலிர்த்து, கொஞ்ச தூரம் வந்து நின்றது. அந்த அம்மா திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. "நம்ம இழுத்த இழுப்புல அசைஞ்சிட்டு, பாத்தீயளா தம்பி!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. என் உள்ளங்கை சிவந்து எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வேப்பெண்ணெய் தடவும்போதும் அந்த இரண்டு விரல்கள்தான் கண்முன்னே நின்றன. கையின் எரிச்சல் மறுநாளே போய்விட்டது, விரல்கள் போகவில்லை.

எப்போதோ படித்த ஒன்றும் இதோடு வந்து ஒட்டிக்கொண்டது. மாக்ஸ் ரிங்கல்மன் என்று பிரான்சில் ஒரு வேளாண்மைப் பொறியாளர். பண்ணை வேலையில் மாடும் மனிதனும் எந்திரமும் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று அளந்து பார்த்தவர். ஆட்களைக் கயிறு இழுக்கவைத்தும் கணக்கெடுத்தார். 1913இல் வெளியான அந்தக் கணக்கின்படி, ஆள் கூடக் கூட மொத்த இழுப்பு கூடுகிறது, ஆனால் ஒவ்வொருவரின் பங்கும் குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்திருந்தால் வந்திருக்கக்கூடியதில் பாதிதான் வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது அவர் சொன்ன முதல் காரணம். பக்கத்தில் இருப்பவன் இழுப்பான் என்கிற நினைப்பும் இருக்கலாம் என்றார்.

1974இல் அமெரிக்காவில் சிலர் இதை மேலும் கிண்டினார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, "பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள்" என்று நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் யாரும் இழுக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த ஒற்றை ஆள் தன் இழுப்பைக் குறைத்துக்கொண்டான். படித்தபோது இது மனித சுபாவத்தின் சில்லறைத்தனம் என்றுதான் தோன்றியது. அந்த அம்மாவைப் பார்த்தபின் அவ்வளவு உறுதி இல்லை. அந்தச் சோதனைக் கூடத்தில் யாரும் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். வடத்தைத் தொட்டாலே போதும் என்று வருகிறவர்கள் நம் ஊர்த் தேருக்கு எப்போதும் உண்டு.

எங்கள் ஆச்சி வீட்டுக் கிணறு ஆழம். கப்பி நல்லெண்ணெய் கேட்டுக் கத்தும். ஆச்சி தாம்புக்கயிற்றை இழுக்கும்போது அவள் கைகளுக்கு நடுவே என் கைகளையும் வைத்துக்கொள்வேன். ஏழெட்டு வயதுக் கை என்னத்தை இழுக்கும்? அவள் இழுப்பதற்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். வாளி தண்ணீரில் மிதந்துகொண்டு முங்க மாட்டேன் என்று நிற்கும். அப்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். வாளி சாய்ந்து ஒரு மடக்குக் குடித்ததும் கயிறு கையில் கனக்கும். அந்தக் கனம் வருகிறவரை அவசரப்படக் கூடாது. இதெல்லாம் ஆச்சி வாயால் சொன்னதில்லை. கயிறு வழியாகவே எனக்கு வந்தது. ஈரக் கயிற்றிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகி அக்குளை நனைக்கும். அது ஒரு சுகம்.

பக்கத்து வீட்டு அத்தை வந்தால் ஆச்சி சொல்வாள்: "இன்னைக்குத் தண்ணி பூராவும் எம் பேரன்தான் எறச்சான்." பச்சைப் பொய். நான் அதை நம்பினேன். நம்பியதால்தான் மறுநாளும் கிணற்றடிக்குப் போனேன். என்றைக்கு அது பொய்யாக இல்லாமல் போனது என்று எனக்கும் தெரியாது, அவளும் குறித்து வைத்திருக்க மாட்டாள். வேலையில் பங்கு வருவதற்கு முன்பே பெயரில் பங்கு வந்துவிட்டது. ஆச்சிக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. ஆச்சிக்கு யார் போய் நன்றி சொல்வார்கள்?

ஆனால் ஆச்சியின் கணக்கை எல்லா இடத்திலும் போட முடியுமா என்பது வேறு சங்கதி. அலுவலகத்தில் நாலு பேர் பெயரோடு போகிற அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாதவர், "நம்ம ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு" என்று மேலதிகாரி முன்னால் சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவரும் இரண்டு விரல் வைத்தவர்தான். அவர்மேல் கோபமும் அந்த அம்மாமேல் வாஞ்சையும் எப்படி வருகிறது? அந்த அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதி பதில்தான்.

தேரோட்டத்தன்று தேர் முக்குத் திரும்பக் காத்து நின்றபோது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர் டீக் குடிக்க ஒதுங்கினார். உருளுகிற சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துத் தேரைத் தடுக்கவும் திருப்பவும் வேண்டிய வேலை. அரை நொடி பிந்தினால் கால் இருக்காது. பெருவிரல் நகம் ஒன்று கறுத்துச் சப்பையாகியிருந்தது. இழுக்கிறவர்களுக்குத் தேர் முதுகுக்குப் பின்னால். சக்கரத்தைப் பார்க்கிறவர் இவர்தான். அதனால் கேட்டேன்: கை வைத்தவர்கள் எல்லோருமா இழுக்கிறார்கள்?

"சும்மா கை வச்சிருக்கவுக இருக்கதுதான் அண்ணாச்சி எனக்கு நல்லது" என்றார். "எல்லாரும் மூச்சப் பிடிச்சு இழுத்தா நான் கட்டையப் போட்டுட்டு எங்க ஓடுவேன்?"

எல்லோருமே சும்மா கை வைத்திருந்தால் என்று கேட்டேன். "அப்ப எனக்கு வேலையே இல்ல" என்று கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. ரிங்கல்மன் நஷ்டம் என்று எழுதியதை இவர் பாதுகாப்பு என்கிறார். இருவருமே கயிற்றைப் பற்றித் தெரிந்தவர்கள்.

இப்போது இது எனக்கு நடைமுறைச் சிக்கலாகவும் ஆகிவிட்டது. எங்கள் வாசகர் வட்டம் ஒரு மலர் போடுகிறது. நன்றிப் பக்கம் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. அச்சகத்துக்காரர் தினமும் கூப்பிடுகிறார். எல்லாப் பெயரும் ஆயிற்று, ஒன்றைத் தவிர. ஓய்வுபெற்ற கணக்கர் அவர். எழுதவில்லை, பிழை திருத்தவில்லை, விளம்பரம் பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு வருவார், கதவோரம் உட்காருவார், வடை தின்பார், யார் பேசினாலும் தலையாட்டுவார். மலர்க்குழுவில் அவர் பெயரைப் போடக் கூடாது என்கிறார் பிழை திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மனுஷன் உட்கார்ந்திருந்ததால்தான் விளம்பரச் சண்டை கைகலப்பாகாமல் போயிற்று என்கிறார் இன்னொருவர். டீச் செலவு கூடியதுதான் மிச்சம் என்கிறார் பொருளாளர்.

அவர் இல்லாத நாளில் எங்கள் கூட்டம் எப்படி நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலாவது ஏதாவது பிடிபடும் என்று வருகைப் பதிவை எடுத்துப் புரட்டினேன். அவர் வராத கூட்டம் ஒன்றுகூட இல்லை.