புளிக்குள் இருந்த கை

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் அரைத்தாயிற்று, சாளை கழுவியாயிற்று. கோதும் நாரும் விரலிடுக்கில் வந்த பிறகும் கை நிற்கவில்லை. கரைந்த புளியையே பிசைந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இனி என்ன செய்யணும் மக்களே?"

குளச்சலில் ஐம்பது வருடம் மீன்குழம்பு வைத்த கை. நான் சட்டியை வாங்கி மீதியை முடித்துவிட்டேன். அப்படி வாங்கியதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆரம்பநிலை அல்சைமர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்பெக்ட் படத்தில் பின்பக்கப் பகுதிகள் மங்கியிருந்தன. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. இதயம் தள்ளும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. அம்மாவுக்குப் புளி தெரியும், மீன் தெரியும், உப்பும் தெரியும். ஒன்றுக்கு அடுத்து ஒன்று என்ற வரிசைதான் கைநழுவுகிறது.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடம் இந்த மறதியைக் கண்டறிய ஒரு கேள்விப் பட்டியல் உருவாக்கினார்களாம். எப்போதோ வாசித்தது. முதியவரிடம் கணக்கு கேட்பதில்லை. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறாரா என்று வீட்டாரிடம் கேட்பார்கள். வாசித்தபோது எளிமையாகத்தான் தோன்றியது. இன்று அந்த வீட்டார் நான்.

சிறுவயதில் ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்திருக்கிறேன். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய். கன்னியாகுமரியை எட்டவே இல்லை. நான் பார்த்தது பாசி மூடிய தண்ணீரைத்தான். "வள்ளம் போகாததால தூந்து போச்சா, தூந்ததால வள்ளம் போகலியா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் மக்களே" என்றாள்.

மூளையைப் பற்றியும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். வேலை செய்யும் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அப்படியானால் அங்கே வேலை குறைந்ததால் ஓட்டம் குறைந்ததா, ஓட்டம் குறைந்து வேலை கெட்டதா? ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். எனக்கோ அது அடுக்களைக் கேள்வி. சட்டியை வாங்கியபோது அம்மாவின் பாரத்தைக் குறைத்தேனா, மிஞ்சியிருந்த ஒரு வழியையும் அடைத்தேனா?

கால்வாயைத் தூர்வாரலாம். புளி கரைக்க விட்டால் மூளையில் அடைந்தது திறந்துவிடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வேலை கையில் இருக்கும்வரை அம்மா அந்த வீட்டின் அம்மாவாக இருக்கிறாள். அதற்குப் படம் எதுவும் தேவையில்லை.

நேற்று மறுபடி சாளை வாங்கினேன். புளியை அவளிடமே கொடுத்தேன். அதே இடத்தில் கை நின்று சுழன்றது; அதே கேள்வி வந்தது. நான் உடனே சொல்லவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது யோசனையா பயமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரித்தறிய முடியவில்லை. "அரைப்புல ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமா, முன்பே சொல்லியிருக்க வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை.