பாட்டி மறந்துவிடுவார், நாம்?

விடியற்காலை நாலு மணி. சி ரூசாவில் எங்கள் தாமான் வீட்டில் பாட்டி எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, என் வாளி எங்கடா?" தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் அதே நாலு மணி, அதே வாளி.

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கத்திவிட்டேன். "வாளியும் இல்ல, தோட்டமும் இல்ல, போய்ப் படுங்க!" பாட்டி பயந்துபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா என்னை முறைத்தபோது நான் சொன்ன பதில் இதுதான்: "விடுங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாங்க."

அந்தப் பதில் சரியா? மறந்துபோகிறவரிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்துக்குக் கணக்கு உண்டா, இல்லையா? இளைஞர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இந்த மறதியைப் பற்றி நம் தோட்டத்துக் குடும்பங்களில் மூன்று விதமான பேச்சு உண்டு. "வயசானா அப்படித்தான்" என்பது ஒன்று. மலாய்க்காரர்கள் சொல்லும் 'ஞாஞொக்' என்ற சொல்லை நாமும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். "காத்து கருப்பு பட்டிருக்கு, யாரோ செஞ்சு வெச்சிட்டாங்க" என்பது இரண்டாவது. எலுமிச்சம்பழமும் மந்திரித்த கயிறும் வரும். மூன்றாவதுதான் மனசை அறுப்பது: "அந்தக் காலத்துல மருமகள என்ன பாடு படுத்துச்சு, இப்ப கர்மா அனுபவிக்குது."

இப்படிப்பட்ட நம்பிக்கைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. கனடாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் பலவற்றில், வாழ்க்கை ஒரு வட்டம், முதியவர் மறுபடியும் குழந்தையாகிறார் என்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் வெட்கம் இல்லை, பழி இல்லை. ஆகவே பழைய நம்பிக்கை எல்லாமே தவறு என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு நம்பிக்கை என்னைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைக்கிறதா, எழுந்து விலகிப் போகச் சொல்கிறதா? அதைத்தான் கேட்க வேண்டும்.

அதே நேரம், இது மூளையைத் தாக்கும் நோய் என்பதையும் மறைக்கக் கூடாது. 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் டாக்டர் அல்சைமர் கவனித்த பெண்ணுக்கு வயது 51தான். 'வயசானா அப்படித்தான்' என்று அவரைச் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்த நினைவிழப்பு நோய் இருக்கிறது. பெரும்பாலும் அண்மை நினைவுகள்தான் முதலில் போகும், பழையவை தங்கும். பாட்டிக்கு நேற்றுச் சாப்பிட்டது மறந்து, இளமையில் ஓடிய பெரட்டு நினைவிருப்பது அதனால்தான். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கயிறு கட்டுகிறவர்கள் கட்டட்டும். ஆனால் அரசாங்கக் கிளினிக்குக்கும் கூட்டிப் போக வேண்டும்.

சரி, கர்மா? பாட்டியின் முன்வினை என்னவென்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்று காலை நாலு மணிக்கு நான் செய்த வினை. கர்மா என்ற சொல்லைப் பாட்டியின் மேல் தீர்ப்பு எழுதப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது நம் கையைக் கவனிக்கச் சொல்லும் சொல். பாதிக்கப்பட்டவர் மறந்துவிட்டார் என்பதற்காக வினை அழிந்துவிடுமென்றால், தூங்குகிறவரிடம் திருடுவதும் குற்றமாகாது!

இன்னொன்றும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் சோகமோ மகிழ்ச்சியோ மனதில் தங்கியிருந்தது. அப்படியானால் பாட்டி என் வார்த்தைகளை மறந்திருப்பார், பயத்தை மறந்திருக்க மாட்டார். ஏன் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை!

"அவங்க இப்ப அவங்களே இல்ல, வெறும் உடம்புதான்" என்று சிலர் சொல்வதுண்டு. நம் சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் ஆன்மாவின் கருவிகள். நினைவு கருவியைச் சேர்ந்தது. உளி மழுங்கிவிட்டதால் பால் வெட்டுகிறவர் இல்லாமல் போய்விடுவாரா?

கோயிலில் அம்மனுக்கு அபிஷேகம் செய்கிறோம், சேலை சாத்துகிறோம், நைவேத்தியம் படைக்கிறோம். அம்மன் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் நாம் நிறுத்திவிடுவதும் இல்லை. வீட்டில் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட வேண்டிய ஒருவர் நம் பெயரை மறந்ததும் மட்டும் ஏன் கை சலிக்கிறது?

சலிக்கத்தான் செய்யும். பொய் சொல்ல வேண்டாம். இரவும் பகலும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். எங்கள் வீட்டில் அம்மா. அவர் தூங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட ஓடுகிற நாம், வாரம் இரண்டு இரவு பாட்டி பக்கத்தில் படுத்தால் அதுவும் தொண்டுதான்.

இப்போது நாலு மணிக்குக் கதவு தட்டினால் நான் எழுந்து போகிறேன். "ராத்திரி நல்ல மழை பாட்டி, மரம் நனைஞ்சிருக்கு. இன்னைக்கு வெட்டு இல்ல" என்கிறேன். அது பொய்யா என்று நண்பன் கேட்டான். வாய்மையைத் தீங்கின்மையால் அளந்தவர் வள்ளுவர். அந்த அளவுகோல் எனக்குப் போதும்.

பாட்டி சிரிக்கிறார். "அப்ப நீயும் போய்ப் படு தம்பி" என்கிறார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பரவாயில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியுமே.